உயிரியல் வினாத்தாள் அமைப்போருக்கு: அம்புக்குறிக்கும் மதிப்பெண் வேண்டும்

மதிப்பிற்குரிய பாடத்திட்டக் குழுவினருக்கும் வினாத்தாள் அமைப்போருக்கும்,

"இரத்தத்தில் குளுக்கோஸ் கூடும்போது இன்சுலின் ஏன் சுரக்கிறது?" என்று கேட்டால், "சர்க்கரையைக் குறைப்பதற்காக" என்று மாணவர்கள் எழுதுகிறார்கள். சுரப்பதால் என்ன பயன் என்பதற்கு இது விடை. எப்படிச் சுரக்கிறது என்பதற்கு இதில் ஒரு சொல்கூட இல்லை. ஆனாலும் 'பீட்டா செல்', 'கணையம்', 'இன்சுலின்' ஆகிய சொற்கள் விடைத்தாளில் இருந்தால் மதிப்பெண் கிடைத்துவிடுகிறது. எதற்கு மதிப்பெண் உண்டோ அதைத்தானே மாணவர்கள் படிப்பார்கள்?

இதே நிகழ்வின் இயங்குமுறையைப் பாருங்கள். கணையத்தில் இன்சுலினைச் சுரக்கும் பீட்டா செல்லுக்குள் குளுக்கோஸ் நுழைகிறது. குளுக்கோகைனேஸ் என்ற நொதி அதில் பாஸ்பேட்டைச் சேர்க்கிறது. குளுக்கோஸ் சிதையச் சிதைய, செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறான ஏடிபி கூடுகிறது. அந்த ஏடிபி, செல் சவ்வில் பொட்டாசியம் அயனிகள் வெளியேறும் வழியான பொட்டாசியம் கால்வாயோடு பிணைந்து அதை மூடுகிறது. ஏறத்தாழ −70 மில்லிவோல்ட்டில் இருந்த சவ்வு மின்னழுத்தம் (சவ்வின் உட்புறத்துக்கும் வெளிப்புறத்துக்கும் இடையிலான மின்னழுத்த வேறுபாடு) மேலேறுகிறது. அதை உணரும் கால்சியம் கால்வாய்கள் திறக்கின்றன. கால்சியம் அயனிச் செறிவு செல்லுக்கு வெளியே சுமார் 10,000 மடங்கு அதிகம் என்பதால் அது உள்ளே பாய்கிறது. இன்சுலின் நிரம்பிய நுண்பைகள் சவ்வோடு இணைந்து திறக்கின்றன.

இதையும் மனப்பாடம் செய்துவிட முடியும், அதுதான் சிக்கல். புரியாதவர் தடுமாறும் இடம் பெரும்பாலும் ஒன்றே: கால்வாய் மூடினால் மின்னழுத்தம் எப்படி மாறும்? மூடுவது என்றால் ஒன்றும் நடக்காமல் போவது என்று நினைக்கிறார்கள். அதுவரை பொட்டாசியம் நேர்மின்னூட்டத்தை வெளியே கொண்டுபோய்க்கொண்டிருந்தது. அது நின்றதும், உள்ளே கசியும் சிறிதளவு நேர்மின்னூட்டமே மின்னழுத்தத்தை உயர்த்தப் போதும். இந்த ஓர் இணைப்புக்கு வகுப்பில் அரை மணி நேரம் செலவிட்டாலும் தகும்.

எனவே எங்கள் கோரிக்கை இது. ஒவ்வொரு அலகிலும் ஓர் இயங்குமுறையையாவது மாணவர்களே கட்டட்டும். முதலில் தொடக்கநிலையையும் முடிவையும் மட்டும் கொடுங்கள். இடையில் உள்ள கூறுகளை (நொதி, கால்வாய், அயனி போன்றவற்றை) அவர்கள் பட்டியலிட்டு அம்புக்குறியால் இணைக்கட்டும். ஒவ்வோர் அம்பின் மேலும் ஒரு வினைச்சொல் இருக்க வேண்டும்: பிணைகிறது, மூடுகிறது, பாய்கிறது. 'உதவுகிறது', 'கட்டுப்படுத்துகிறது' ஆகிய இரண்டையும் ஏற்க வேண்டாம். தெரியாததை மறைக்கும் சொற்கள் அவை. தெரியாத படியைக் கேள்விக்குறியிட்ட பெட்டியாக விட்டால் மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள். இடைவெளி எங்கே என்று கண்டுகொள்வதும் அறிவுதான்.

அடுத்து, சங்கிலியை ஓரிடத்தில் உடைத்துக் கேளுங்கள். செல்லைச் சுற்றியுள்ள திரவத்தில் கால்சியம் இல்லை. குளுக்கோஸ் கொடுத்தால் ஏடிபி கூடுமா, மின்னழுத்தம் உயருமா, இன்சுலின் வெளிவருமா? முதல் இரண்டும் நடக்கும், மூன்றாவது ஏறக்குறைய நடக்காது. கிளிபென்கிளமைடு என்ற மருந்து பொட்டாசியம் கால்வாயை நேரடியாக மூடும். குளுக்கோஸ் குறைவாக இருக்கும்போது அதைக் கொடுத்தால்? அப்போதும் இன்சுலின் சுரக்கும். சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழலாம். மேல்வகுப்பில் அளவுகளையும் சேர்க்கலாம். குளுக்கோகைனேஸ் தன் உச்ச வேகத்தில் பாதியை எட்டுவது லிட்டருக்கு ஏறத்தாழ 8 மில்லிமோல் குளுக்கோஸில். வெறும் வயிற்றில் இரத்தத்தில் இருப்பது சுமார் 5. அதன் இடத்தில் 0.1 மில்லிமோலிலேயே பாதி வேகத்தை எட்டும் நொதி ஒன்று இருந்தால், அது எந்நேரமும் முழு வேகத்தில் ஓடும். குளுக்கோஸ் கூடியதைச் செல்லால் உணர முடியாது.

5 மதிப்பெண் வினாவில் 2 மதிப்பெண் கூறுகளுக்கு, 3 மதிப்பெண் இணைப்புகளுக்கு என்று பிரியுங்கள். 'எதற்காக' என்ற விடை தவறல்ல. அது பரிணாமம் சார்ந்த வேறொரு வினா, அதைத் தனியே கேளுங்கள்.

திருத்த நேரம் போதாது என்பீர்கள். 'கூடும், குறையும், மாறாது' என்பவற்றில் ஒன்றும், ஒருவரிக் காரணமும் கேட்டால் போதும். காரணத்தைக் கேட்காமல் விட்டால் மூன்றில் ஒருவர் ஊகித்தே சரியாக எழுதிவிடுவார். அதே உடைப்பை அடுத்த ஆண்டும் கேட்காதீர்கள்; அதற்குள் வழிகாட்டி நூல்களில் விடை வந்துவிடும். சங்கிலி அதுவாகவே இருக்கட்டும், உடைக்கும் இடத்தை மாற்றுங்கள்.

இப்படிக்கு,
உயிரியல் ஆசிரியர்கள்