என் அப்பாவுக்கு நாற்காலி போட்டவர்களுக்கு

இந்த மடல் போய்ச்சேர வேண்டியவர்களில் பெரும்பாலோருக்குத் தமிழ் தெரியாது. அது தெரிந்தேதான் தமிழில் எழுதுகிறேன். எனக்குத் தெரிந்த ஜப்பானிய மொழியில் நன்றி சொன்னால் இடுப்பை வளைத்து இரண்டு சொல்லில் முடிந்துவிடும். நான் சொல்ல வேண்டியதோ கொஞ்சம் நீளம். அவர்களுக்கு வாசித்துக் காட்டுகிறேன் என்று அலுவலகத் தோழி ஒருத்தி ஒப்புக்கொண்டிருக்கிறாள். முதல் நன்றி அவளுக்கு, முன்பணமாக.

அப்பா மதுரைக்காரர். புதுமண்டபத்தில் 34 ஆண்டுகள் தையல் மெஷின் மிதித்தவர். மீனாட்சி அம்மன் கோயிலின் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே, திருமலை நாயக்கர் கட்டிய மண்டபத்தின் கல்தூண்களுக்கு நடுவே தையற்கடைகள் வரிசையாக இருந்த காலம். பள்ளிச் சீருடை, பாவாடை சட்டை, சித்திரைத் திருவிழாவுக்குக் கள்ளழகர் வேடம் கட்டுபவர்களின் உடை என்று எல்லாம் தைப்பார். கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறியபோது அவர் மெஷினை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். அம்மா போன பிறகு அதன்மேல் ஒரு பழைய வேட்டியைப் போர்த்திவிட்டார். அதைப் பார்க்கச் சகிக்காமல்தான் ஜனவரிக் கடைசியில் மூன்று வாரத்துக்கு அவரை டோக்கியோவுக்கு அழைத்துக்கொண்டேன்.

மேல்வீட்டு அக்காவுக்கு நன்றி. நான் இருக்கும் நிஷி-கசாய் பகுதியில் இந்தியர்கள் நிறையப் பேர் உண்டு, ஆகவே ரசத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் அப்பாவின் உடம்புக்கு அளவான குளிர்கோட்டு எங்கே கிடைக்கும்? அக்கா தன் கணவருடையதை எடுத்துக்கொண்டு வந்து, "மாமா, இது உங்களுக்கென்றே தைத்தது மாதிரி இருக்கிறது" என்றார். அப்பா தோள்பட்டையைத் தடவிப் பார்த்து, "அரை அங்குலம் கூட இருக்கிறதம்மா, பரவாயில்லை" என்றார். நன்றிகூடச் சொல்லவில்லை. அவருக்காக நான் சொல்லிக்கொள்கிறேன்.

முதல் இரண்டு நாள்கள் என் விருப்பப்படி கழிந்தன. ஸ்கைட்ரீ கோபுரத்தில் ஏற்றினேன், ஷிபுயாவின் பெரிய நாற்சந்தியைக் காட்டினேன். "நன்றாக இருக்கிறது" என்றார். தூரத்துச் சொந்தத்தின் கல்யாணச் சாப்பாட்டைப் பற்றியும் அவர் இதே குரலில்தான் சொல்வார்.

மூன்றாம் நாள் அந்தக் கோட்டின் ஜிப் மாட்டிக்கொண்டது. பிடித்து இழுத்தபோது ரன்னர் கையோடு வந்துவிட்டது. இரவல் பொருள், என்ன செய்வது? "புதிது வாங்கிக் கொடுத்துவிடலாம்" என்றேன். அப்பா என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. "ஒரு ரன்னர் கிடைத்தால் போதும். இந்த ஊரில் தையல் சாமான் எங்கே விற்கிறார்கள்?" என்று கேட்டார். மூன்று வருடமாக இங்கே இருக்கிறேன். எனக்குத் தெரியவில்லை. கைப்பேசியில் தேடிப் பார்த்தால் நிப்போரி என்று வந்தது. யமனோதே ரயிலில் எத்தனையோ முறை கடந்துபோன நிலையம். ஒருநாளும் இறங்கியதில்லை.

நிப்போரியின் கிழக்குப் பக்கம் இறங்கினால் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நீளத்துக்குத் துணிக்கடைகள்தான். எண்பதுக்கும் மேல் இருக்கின்றன. சுமார் நூறு வருடங்களுக்கு முன்பு அசகுசா பக்கத்திலிருந்து பழந்துணி வியாபாரிகளும் வெட்டுத்துண்டு வியாபாரிகளும் கூட்டமாகக் குடிபெயர்ந்து வந்து உண்டாக்கிய தெரு. இதைச் சொன்னதும் அப்பாவின் நடை மாறிவிட்டது. "கட் பீஸ்காரர்கள் உண்டாக்கிய தெருவா?" என்று கேட்டுவிட்டு முன்னால் போக ஆரம்பித்தார். அதன் பிறகு நான்தான் அவர் பின்னால் ஓடினேன். ஒவ்வொரு கடை வாசலிலும் துணியின் ஓரத்தை இரண்டு விரலால் தேய்த்தார். பருத்தி, கலப்பு, பருத்தி, இது சும்மா பளபளப்பு என்று தனக்குத்தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டார். மீட்டர் 100 யென்னுக்குக் குவித்துவைத்திருந்த துணியை ரூபாயில் கணக்குப் போட்டவர், மதுரையில்கூட இந்த விலைக்கு வராது என்று கொஞ்சம் கோபமாகவே சொன்னார்.

பட்டனும் ஜிப்பும் விற்கும் அந்தச் சின்னக் கடையின் அம்மையாரே, உங்களுக்கு நன்றி. அப்பா உடைந்த ரன்னரை உங்கள் மேசைமேல் வைத்தார். வாய்பேச்சு ஏதும் இல்லை. நீங்கள் அதைத் திருப்பி, முதுகில் பொடியாகப் பொறித்திருந்த எண்ணைக் கண்ணாடி போட்டுப் படித்து, ஓர் இழுப்பறையிலிருந்து அதே அளவை எடுத்துத் தந்தீர்கள். அதில் ஒய்கேகே என்ற எழுத்தைப் பார்த்த அப்பா, பழைய சிநேகிதனைப் பார்த்ததுபோல் சிரித்தார். 1934இல் டோக்கியோவில் தொடங்கிய நிறுவனம் அது என்று நான் சொன்னபோது நம்பவில்லை. நம் ஊர்ச் சரக்கு என்றே இத்தனை வருடமும் நினைத்திருந்தாராம்.

நீங்களே பொருத்திக் கொடுத்திருக்கலாம், அதற்குக் கூலியும் வாங்கியிருக்கலாம். அதை விட்டுவிட்டு அப்பாவின் கையைப் பார்த்தீர்கள், பிறகு இடுக்கியை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினீர்கள். ஐந்து நிமிடத்தில் அவர் வேலையை முடித்ததும் ஜிப்பை மேலும் கீழும் இழுத்துப் பார்த்துவிட்டு "ஷொகுனின்" என்றீர்கள். "தொழில் தெரிந்த கைக்காரர் என்கிறார்கள் அப்பா" என்றேன். "எப்படிக் கண்டுபிடித்தார்கள்?" என்று அன்று ராத்திரி வரை கேட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் கிளம்பும்போது, பிப்ரவரி 8, அசகுசா என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்து, ஊசிகளுக்கான நாள் என்றீர்கள். எனக்கு அது சரியாகப் புரியவில்லை. சீட்டை மட்டும் பத்திரமாக வைத்திருந்தேன்.

தண்டவாளங்களைத் தாண்டி மேற்குப் பக்கம் போனால் யனகா. நிலையம் ஒன்றுதான், ஆனால் இது வேறு ஊர். 1657இன் பெருந்தீக்குப் பிறகு கோயில்கள் பல இங்கே இடம்பெயர்ந்து வந்தன. இன்றைக்கும் எழுபது போல இருக்கும். 1923 நிலநடுக்கத்திலும் 1945 குண்டுவீச்சிலும் நகரத்தின் பெரும்பகுதி எரிந்தபோது இந்தப் பகுதி ஓரளவு தப்பியது. அதனால்தான் மரவீடுகளும், இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டிய சந்துகளும் மிஞ்சியிருக்கின்றன. வீட்டு வாசலெங்கும் பூந்தொட்டிகள், தலைக்குமேல் மின்கம்பிச் சிக்கல். "மேலமாசி வீதிச் சந்து மாதிரி இருக்கிறது, சத்தத்தை மட்டும் யாரோ எடுத்துவிட்டார்கள்" என்றார் அப்பா.

யனகா கல்லறைத் தோட்டத்தின் வழியாக அழைத்துப் போனதுதான் நான் செய்த பிழை. செர்ரி மரச்சாலை, ஷோகுன் என்ற ராணுவ ஆட்சியாளர்களில் கடைசியானவரான தொகுகவா யோஷிநொபுவின் சமாதி என்று நான் அளந்துகொண்டிருக்க, அவருக்கோ ஒரே கவலை. "சுடுகாட்டு வழியாகப் போனால் வீட்டுக்குப் போய்த் தலைக்குக் குளிக்க வேண்டுமே, இந்தக் குளிரிலா?" ஐந்தடுக்குப் பகோடா இருந்த இடத்தில், 1957இல் எரிந்துபோனதற்குப் பிறகு மிஞ்சிய அடிக்கற்களைக் காட்டிக்கொண்டிருந்தபோது அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. பத்து நிமிடம் பேசியிருப்பேன். திரும்பிப் பார்த்தால் அப்பா இல்லை.

கையில் கைப்பேசி இல்லாத, ஒரு சொல்கூட ஜப்பானிய மொழி தெரியாத 68 வயதுக்காரர். எனக்கு நாக்கு உலர்ந்துவிட்டது. பகோடாவின் அடிக்கற்களுக்குப் பக்கத்திலேயே ஒரு சின்னக் காவல் நிலையம் இருந்தது. அங்கிருந்த காவலரே, உங்களுக்கு நன்றி. நான் அழுகையும் இலக்கணப் பிழையுமாகச் சொன்னதை நீங்கள் பொறுமையாக எழுதிக்கொண்டீர்கள். கோட்டின் நிறம், உயரம், தொப்பி எல்லாம் கேட்ட பிறகு நீங்கள் கேட்ட கேள்விதான் என் தலையைத் தெளியவைத்தது: "உங்கள் தந்தைக்கு என்ன பிடிக்கும்?" பூனையா, கோயிலா, சாப்பாடா என்று அடுக்கினீர்கள். தையல் என்றேன். நீங்கள் வரைபடத்தில் ஒரு சந்தைக் காட்டிவிட்டு, தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு என்னோடு நடந்தீர்கள்.

கண்ணாடிக் கதவுக்கு உள்ளே அப்பா உட்கார்ந்திருந்தார், முன்னால் ஒரு கோப்பைத் தேநீர்.

பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டது இது. அந்தச் சந்து அவ்வளவு அமைதியாக இருந்ததால்தான் தையல் மெஷின் ஓடும் சத்தம் அவர் காதில் விழுந்திருக்கிறது. ஊர் முழுக்க அந்நியமாக இருந்தபோது அந்த ஒரு சத்தம் மட்டும் நம் ஊர்ச் சத்தமாக இருந்ததாம். காதுபோன போக்கில் கால் போயிருக்கிறது. கடை வாசலில் நின்று கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். வேறு யாராக இருந்தாலும் ஒரு வெளிநாட்டுக் கிழவர் வாசலில் நின்று முறைக்கிறார் என்று திரையை இழுத்திருப்பார்கள்.

தையற்கடைப் பெரியவரே, நீங்கள் எழுந்து வந்து கதவைத் திறந்தீர்கள். மெஷினுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டீர்கள். வாடிக்கையாளர் உட்காரும் முன்பக்கத்தில் போடவில்லை. தொழில் செய்பவன் உட்காரும் பக்கத்தில் போட்டீர்கள். இந்த வேறுபாடு எனக்குப் புரியவில்லை. அப்பா சொல்லித்தான் தெரிந்தது. புதுமண்டபத்திலும் அப்படித்தானாம்; தூணுக்கு இந்தப் பக்கம் வருபவன் வேலைக்காரன், அந்தப் பக்கம் நிற்பவன் விலை பேச வந்தவன்.

நான் வந்தபோது நீங்கள் இருவரும் அளவு நாடாக்களை மேசையில் விரித்துவைத்துச் சிரித்துக்கொண்டிருந்தீர்கள். உங்களுடையதில் சென்டிமீட்டர். அப்பாவின் சட்டைப்பையில் எப்போதும் சுருண்டு கிடக்கும் நாடாவிலோ அங்குலம் மட்டும்தான் தேயாமல் மிஞ்சியிருக்கிறது. உங்கள் மனைவியார் உள்ளேயிருந்து மூங்கில் அளவுகோல் ஒன்றைக் கொண்டுவந்தார். கிமோனோ என்ற அவர்களுடைய மரபு உடையைத் தைப்பவர்களின் அளவாம், ஓர் அடிக்கோலுக்குச் சுமார் 38 சென்டிமீட்டர். மூன்று கணக்கும் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. அதுதான் சிரிப்பு.

பெரியவரின் மனைவியாரே, பிரித்துவைத்த கிமோனோவைத் தரையில் பரப்பிக் காட்டினீர்களே, அதற்குத் தனியாக நன்றி. ஒரு முழத்துக்கும் குறைந்த அகலம், ஏறக்குறைய 12 மீட்டர் நீளம், ஒரே துணிச்சுருள். எல்லாம் நேர்வெட்டு, வளைவுக்கே இடமில்லை, கழிவும் இல்லை. கையால் ஓட்டிய தையல். துவைக்க வேண்டுமென்றால் முழுவதும் பிரித்து, துண்டுகளாக அலசி, மறுபடி தைப்பார்கள் என்றீர்கள். நான் மொழிபெயர்த்து முடிப்பதற்குள் அப்பா மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டார். தைத்த ஓரத்தை விரலால் நீவிக்கொண்டே, "பிரிப்பதற்கென்றே தைக்கிறார்கள்" என்றார். பிறகு வெகுநேரம் எதுவும் பேசவில்லை. அம்மா போனதற்குப் பிறகு நான் பார்த்த மௌனங்களில் இது ஒன்றுதான் என்னைப் பயமுறுத்தவில்லை.

பிப்ரவரி 8 என்ற சீட்டைக் காட்டியபோது நீங்கள் இருவரும் தலையாட்டி, முனை மழுங்கியதும் வளைந்ததுமாகப் பத்துப் பன்னிரண்டு ஊசிகளைக் காகிதத்தில் மடித்து அப்பாவிடம் கொடுத்தீர்கள். இந்த வருடம் முழங்கால் வலி, எங்களுக்குப் பதிலாக நீங்கள் போய்வாருங்கள் என்றீர்கள். முன்பின் தெரியாத மனிதரிடம் ஒரு வருடத்து ஊசிகளை ஒப்படைத்தீர்கள்!

இடையில் உதவியவர்களை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். யனகா கின்சா கடைத்தெருவில், அப்பா அரிசி வடகம் என்றே நம்பிய சென்பே என்ற மொறுமொறு அரிசித் தின்பண்டத்தை ஓர் உடைந்த துண்டு கொடுத்து ருசிபார்க்கச் சொன்ன கடைக்காரர். எந்தப் பொரியலில் மாட்டிறைச்சி இருக்கிறது, எதில் இல்லை என்று விரலை நீட்டிக் காட்டிய பெண். அந்திவானம் பார்க்கும் படிக்கட்டில் அப்பாவுக்கு இடம்விட்டு நகர்ந்து உட்கார்ந்த பள்ளிப் பையன்கள். மெகுரின் என்ற குட்டிப் பேருந்தில், அப்பா கைப்பிடியைப் பிடிக்கும் வரை வண்டியை எடுக்காத ஓட்டுநர். கட்டணம் 100 யென்தான்.

பிப்ரவரி 8 அன்று அசகுசாவின் சென்சோஜி கோயில் வளாகத்தில், அவாஷிமா சன்னிதி முன்னால் வரிசையில் நின்றோம். சோயாவில் செய்த, பன்னீர் போன்ற பெரிய தோஃபு கட்டி ஒன்று, அதில் வண்ண வண்ணக் குண்டூசிகளும் தையல் ஊசிகளும். ஒரு வருடம் முழுக்க முரட்டுத் துணியைக் குத்திக் களைத்த ஊசிக்குக் கடைசியில் மெத்தென்று ஒரு படுக்கை. அப்பாவுக்கு நான் விளக்கவே தேவையிருக்கவில்லை. ஆயுத பூஜைக்கு மெஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, அன்றைக்குத் தொடக்கூடாது என்று என்னை விரட்டியவர் அல்லவா? பெரியவரின் ஊசிகளை ஒவ்வொன்றாகக் குத்தினார். முன்னால் நின்ற வயதான பெண்மணி, அவர் முடிக்கும் வரை கைகுவித்தபடியே காத்திருந்தார். அவருக்கும் நன்றி. பிறகு அப்பா தன் சட்டைப்பை மடிப்பிலிருந்து நூல் சுற்றிய ஊசி ஒன்றை எடுத்தார். அம்மாவின் கடைசி ரவிக்கைக்குக் கொக்கி வைத்த ஊசி என்றார். நூலைப் பிரித்துவிட்டு அதையும் குத்தினார்.

அப்பா ஊருக்குப் போய் ஒரு மாதம் ஆகிறது. மெஷின்மேல் இருந்த வேட்டியை எடுத்துவிட்டதாகப் பக்கத்து வீட்டு அத்தைதான் சொன்னார். அவர் சொல்லவில்லை.

போன வாரம் மதுரையிலிருந்து ஒரு பொதி வந்தது. உள்ளே வெள்ளைப் பருத்தியில் அரைக்கைச் சட்டை, யனகாப் பெரியவருக்கு. அளவே எடுக்கவில்லையே என்று தொலைபேசியில் கேட்டேன். "நாற்பது நிமிடம் எதிரே உட்கார்ந்திருந்தேன், இதற்குமேல் என்ன அளவு?" என்றார். சனிக்கிழமை கொண்டுபோய்க் கொடுக்கிறேன். கொடுக்கும்போது சொல்லச் சொன்னதையும் இங்கேயே எழுதிவைக்கிறேன், என் ஜப்பானிய மொழியில் அது சரியாக வராது: பக்கத் தையலில் உள்ளே ஓர் அங்குலம் விட்டிருக்கிறாராம், பிடித்தால் பிரித்துக்கொள்ளலாமாம்.