மைக் செட்டில் பாட்டு மட்டும் போகட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோத்தகிரி பக்கம் ஹட்டி என்கிற படுகர் ஊர்களின் திருவிழா, கல்யாணம், பள்ளி ஆண்டு விழா, துக்க வீடு என்று எல்லாவற்றுக்கும் மைக் செட் போடுகிறவன் நான். கேசட்டும் சிடியும் போய் இப்போது எல்லாப் பாட்டும் லேப்டாப்பில்தான், அதே லேப்டாப்பில் வாட்ஸ்அப்பும் திறந்திருக்கும், மெயில் வரும், ஆன்டிவைரஸ் மணி அடிக்கும், அத்தனையும் ஆம்ப்ளிபையர் வழியாக ஹார்னுக்குப் போய் எதிர்மலை வரை கேட்கும். கல்யாண வீட்டில் சிரித்துவிட்டு விட்டுவிடுவார்கள். இழவு வீட்டில், எடுக்கப் போகிற நேரத்தில் அந்த 'டிங்' வந்தால் எவ்வளவு வலிக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இதற்கு வழி கம்ப்யூட்டருக்குள்ளேயே இருக்கிறது, தெரிந்தவர்கள்தான் குறைவு. எந்த மென்பொருளின் சத்தம் எந்த ஸ்பீக்கருக்குப் போக வேண்டும் என்று தனித்தனியாகப் பிரித்துவிடலாம். விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்தே ஒவ்வொன்றின் சத்தத்தையும் தனியாகக் கூட்டிக் குறைக்க முடியும், ஆனால் வேறு வேறு சாதனத்துக்குத் திருப்பும் வசதி விண்டோஸ் 10-க்கு 2018 ஏப்ரல் அப்டேட்டில்தான் வந்தது. விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ், சிஸ்டம், சவுண்ட், அப்புறம் வால்யூம் மிக்சர் என்று போனால் ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருள்கள் வரிசையாக நிற்கும், ஒவ்வொன்றிலும் அவுட்புட் டிவைஸ் என்று ஒரு தேர்வு இருக்கும். மூடியிருக்கும் மென்பொருள் அதில் தெரியாது, முதலில் பாட்டை ஓடவிட்டுத் தேடுங்கள். கூடவே, ஆம்ப்ளிபையருக்குத் தனி வழி வேண்டுமே, அதற்குச் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சின்ன யுஎஸ்பி சவுண்ட் கார்டு ஒன்று வேண்டும். யுஎஸ்பி உள்ள மிக்சர் கருவி வைத்திருப்பவர்களுக்கு அதுவும் வேண்டாம்.

பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். ஆம்ப்ளிபையருக்குப் போகிற கார்டை டிஃபால்ட்டாக, அதாவது தனியாகத் திருப்பாத எல்லாச் சத்தமும் போகிற இடமாக, வைத்துவிட்டு வாட்ஸ்அப்பை மட்டும் வேறு பக்கம் திருப்புகிறார்கள், கொஞ்ச நேரத்தில் வேறொன்று கத்துகிறது. டிஃபால்ட் லேப்டாப்பின் சொந்த ஸ்பீக்கராகவோ இயர்போனாகவோ இருக்கட்டும், பாட்டு போடுகிற விஎல்சியை மட்டும் யுஎஸ்பி கார்டுக்குத் திருப்புங்கள். அப்போது எதிர்பாராமல் எது சத்தம் போட்டாலும் நம் காதோடு நின்றுவிடும். கார்டைச் செருகியதும் விண்டோஸ் தானாகவே அதை டிஃபால்ட் ஆக்கிவிடுவதும் உண்டு, அதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். க்ரோமில் எத்தனை டேப் திறந்திருந்தாலும் விண்டோஸுக்கு அது ஒரே ஆள்தான், அதனால் யூடியூப் விளம்பரத்தை இப்படிப் பிரிக்க முடியாது. பாட்டைப் பைலாக வைத்துக்கொள்வதே நல்லது.

இதில் எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. என்னோடு பாட்டுப் போட வரும் தம்பி ஒருவருக்குப் பார்வை கிடையாது. என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பான் பேசுவதைக் கேட்டுத்தான் லேப்டாப்பை இயக்குகிறார், எந்த பட்டனில் நிற்கிறார், அடுத்த பாட்டின் பெயர் என்ன என்று ஒவ்வொன்றையும் அது வாய்விட்டுப் படிக்கும். அந்தக் குரல் ஹார்னில் போனால் அவரால் இந்த வேலையே செய்ய முடியாது. இப்போது குரல் அவர் இயர்போனில், பாட்டு ஆம்ப்ளிபையரில். ஒரு பாட்டு ஓடும்போதே அடுத்ததைத் தேடித் தயாராக வைத்துவிடுகிறார். என்விடிஏவுக்குள்ளும் குரல் எந்தச் சாதனத்தில் வர வேண்டும் என்று தனியாகத் தேர்ந்துகொள்ளலாம். ஒரு சின்ன செட்டிங் ஒருவருக்குப் பிழைப்பையே தருகிறது, அதைச் சொல்லித்தர ஆள் இல்லை என்றால் எவ்வளவு பெரிய நஷ்டம்!

அரசு கொடுத்த பழைய இலவச லேப்டாப்பில் விண்டோஸுக்குப் பதிலாக பாஸ் லினக்ஸ் போட்டு வைத்திருப்பவர்களும் கவலைப்பட வேண்டாம், பல்ஸ் ஆடியோ வால்யூம் கன்ட்ரோல் என்ற மென்பொருளை நிறுவினால் அதிலும் இதைச் செய்யலாம். விண்டோஸ் 7 போன்ற பழையவற்றில்தான் இந்த வசதி கிடையாது.

மலையில் உள்ள கம்ப்யூட்டர் சென்டர்களிலும் ஐடிஐகளிலும் இதை ஒரு பாடமாகச் சேர்க்க வேண்டும். ஆன்லைன் வகுப்பு நடத்தும் ஆசிரியர்களுக்கும் இது உதவும். உங்கள் நாளிதழும் திரைப் படங்களோடு ஒரு முறை இதை வெளியிட வேண்டுகிறேன். மே மாதச் சீசன் நிகழ்ச்சிகளுக்கு முன்னால் வந்தால், எங்கள் தொழிலில் இருக்கிறவர்கள் வெட்டி எடுத்து ஆம்ப்ளிபையர் பெட்டியின் மேலேயே ஒட்டிக்கொள்வோம்.

மைக் செட் தொழிலாளி ஒருவர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.