அந்த நோட்டு அடுத்த வகுப்புக்குப் போக வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

எங்கள் பாகூர் பக்கத்துப் பள்ளி ஒன்றில், மாணவர்கள் தாங்களே செய்த நீர் சேமிப்பு வேலைகளைப் பற்றிப் பேசிய கூட்டத்துக்குப் போயிருந்தேன். தெர்மாகோல் ஏரி, சார்ட் எல்லாம் வழக்கம்போல இருந்தன. ஆனால் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் வைத்திருந்த ஒரு சாதாரண நோட்டை விட்டு நகர எனக்கு மனமே வரவில்லை. தெருத் தெருவாகப் போய் கைப்பம்பு, போர்வெல் தண்ணீரை, அதில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரில் சோதித்து, தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறார்கள். கடலோரத்தில் நிலத்தடி நீரை உறிஞ்ச உறிஞ்ச உப்புத் தண்ணீர் உள்ளே ஏறும் என்று நாமெல்லாம் சொல்கிறோம், சரி, நம் ஊரில் எந்தத் தெருவில் எவ்வளவு உப்பு என்று கேட்டால் யாருக்குத் தெரியும்?

ஒரு மாணவி மாடிக் கணக்குப் போட்டுக் காட்டினாள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 2024 ஃபெஞ்சல் புயலில் புதுச்சேரியில் ஒரே நாளில் சுமார் 48 சென்டிமீட்டர் கொட்டியதே, அதில் 100 சதுர மீட்டர் மாடி ஒன்றில் மட்டும் 48,000 லிட்டர் விழுந்திருக்கிறது!

எனக்கு ரொம்பப் பிடித்தது இன்னொரு குழு பேசியதுதான். குளத்தைச் சுத்தம் செய்தோம், போட்டோ எடுத்தோம், அடுத்த மழையிலேயே குப்பை திரும்ப வந்துவிட்டது, அப்புறம்தான் வரத்து வாய்க்காலைப் போய்ப் பார்த்தோம் என்று ஒளிக்காமல் சொன்னார்கள். பாகூர் ஏரிக்கே தென்பெண்ணைத் தண்ணீர் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகத்தான் வர வேண்டும். வாய்க்கால் அடைத்துக் கிடந்தால் ஏரியைத் தூர்வாரி என்ன செய்வது? இதைப் பெரியவர்களே பல நேரம் மறந்துவிடுகிறோம்.

இவ்வளவும் அந்த ஒரு நாளோடு முடிந்துவிடக் கூடாது என்பதுதான் என் கவலை. ஒரு வருடக் கணக்கை வைத்து உப்பு ஏறுகிறதா இறங்குகிறதா என்று சொல்ல முடியாது. அதே போர்வெல், அதே கைப்பம்பு, மே மாதம் ஒருமுறை, வடகிழக்குப் பருவமழை முடிந்து ஜனவரியில் ஒருமுறை என்று அடுத்தடுத்த வகுப்புப் பிள்ளைகள் தொடர்ந்து அளக்க வேண்டும், நோட்டும் கை மாறிப் போக வேண்டும். அடுத்த கூட்டத்துக்கு ஏரிப் பாசன விவசாயிகளையும் பொதுப்பணித் துறை நீர்ப்பாசனப் பிரிவினரையும் பள்ளிகள் கட்டாயம் அழைக்க வேண்டும். தங்கள் பத்திரிகையும் புதுச்சேரி, கடலூர் பக்கத்தில் இந்தப் பிள்ளைகளின் அளவுகளுக்கு அரைப் பத்தி ஒதுக்கினால் நன்றாக இருக்கும்.

– ஒரு வாசகர், பாகூர்