ஓட்ஸ் இருக்கட்டும், முதலில் வைக்கலைக் கொளுத்தாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

லண்டனில் இருக்கும் என் மருமகன் போன மாதம் ஒரு வீடியோ அனுப்பினார். இரண்டு ஏக்கர் காணி வைத்திருக்கிற ஒரு வெள்ளைக்காரர் ஓட்ஸ் விதைக்கிறார், தானியத்தைத் தான் சாப்பிடுகிறார், வைக்கலை மாட்டுக்குப் போடுகிறார். "மாமா, நம்மட மேட்டுக் காணியில இதப் போட்டா என்ன?" என்று கேள்வி வேறு. இதே கேள்வியை வவுணதீவுப் பக்கம் ஒரு தேநீர்க் கடையிலும் கேட்டேன், அதனால்தான் பொதுவில் எழுதுகிறேன்.

ஆசை பிழையில்லை. கிளினிக்குக்குப் போகிறவர்கள் பாதிப்பேர் இப்போது காலையில் ஓட்ஸ்தான் குடிக்கிறார்கள், அதிலுள்ள ஒரு வகை நார்ப்பொருள் இரத்தத்தில் கொழுப்பைக் குறைக்கும் என்பதும் உண்மை. என் பேரன் ஒருபடி மேலே போய், கடைப் பெட்டியிலிருந்த ஓட்ஸை ஒரு சட்டியில் விதைத்துவிட்டுப் பத்து நாள் தண்ணீர் ஊற்றினான். எறும்பு வந்ததுதான் மிச்சம். அது உமி நீக்கி, ஆவியில் அவித்து, உருளையில் நசுக்கிய தானியம், எப்படி முளைக்கும்?

சரி, நல்ல விதை கிடைத்தாலும் இங்கே என்ன நடக்கும்? ஓட்ஸ் குளிர்நாட்டுப் பயிர். ரஷ்யா, கனடா, பின்லாந்து, ஸ்கொட்லாந்து மாதிரி இடங்களில் பதினைந்து இருபது பாகைக் குளிர்ச்சியில் நிதானமாக விளைவது. நமக்கோ தை மாதத்து இரவில்கூட இருபதுக்குக் கீழே இறங்குவது அபூர்வம். பூக்கும் நேரம் சூடு பிடித்தால் கதிர் நிறையப் பதர்தான். மாரியில் போட்டால் தண்ணீர் நிற்கும், ஈரச் சூட்டில் இலையில் துரு நோய் விழும். கோடைச் சிறுபோகத்தில் போட்டால் கச்சான் என்கிற சூடான வறண்ட காற்று ஒரு கிழமையில் கதையை முடித்துவிடும். வட இந்தியாவில் விதைக்கிறார்களே என்பீர்கள். அங்கே பனிக்காலத்தில் விதைக்கிறார்கள், பெரும்பாலும் பச்சையாகவே வெட்டி மாட்டுக்குப் போடத்தான்.

தானியம் கிடைத்துவிட்டது என்றே வையுங்கள். நிறையில் கால்வாசிக்கு மேல் உமி. அதை நீக்க, தானியத்தை வேகமாகச் சுழற்றி மோத விடுகிற தனி மெசின் வேண்டும், நம் அரிசி மில்லில் கொடுத்துச் சரிவராது. உமி போனதும் உள்ளே இருக்கும் கொழுப்பு சீக்கிரம் கசந்துவிடும் என்பதால் ஆவியிலும் வாட்ட வேண்டும். இரண்டு ஏக்கர்க்காரனுக்கு இது கட்டுமா?

தானியமும் மாட்டுத் தீனியும் ஒரே பயிரில் வேண்டுமென்றால் குரக்கன் (கேழ்வரகு) இருக்கிறது. நம் அப்பா காலத்தில் காடு வெட்டிச் சேனை செய்து விதைத்த பயிர், மேட்டு நிலத்தில் மழையை நம்பியே விளையும், சரியாகக் காயவைத்தால் வருடக் கணக்கில் பூச்சி அண்டாமல் கிடக்கும். கல்சியம் நூறு கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல், ஓட்ஸில் இருப்பதைப்போல ஐந்தாறு மடங்கு. தாளையும் மாடு தின்னும். மருமகனுக்கு இதைத்தான் பதிலாக அனுப்பினேன்.

ஆனால் அந்த வீடியோவில் எனக்கு உறைத்தது தானியம் இல்லை, அந்த மனுசன் வைக்கலுக்குக் கொடுத்த மரியாதை. ஓட்ஸ் வைக்கல் கோதுமை வைக்கலைவிட மென்மை, மாடு விரும்பித் தின்னும். பிரித்தானியாவில் அந்தக் காலத்தில் அறுத்த ஓட்ஸைக் கட்டாகக் கட்டி நிறுத்தி, மூன்று ஞாயிறு தேவாலய மணி கேட்ட பிறகுதான் வயலை விட்டு எடுக்க வேண்டும் என்பார்களாம். நாமும் அப்படி இருந்தவர்கள்தானே. நெல்லை வெட்டி, உப்பட்டியாக, அதாவது சிறு சிறு கற்றைகளாகக் காயவிட்டு, கட்டிச் சுமந்து சூடாக (பெரிய போராக) அடுக்கி, களவெட்டியில் போட்டு அடித்து முடிந்தால் வைக்கல் முழுவதும் ஒரே இடத்தில் மலையாகக் கிடக்கும், மாட்டுப் பட்டிக்காரனுக்கு அள்ளிப் போகச் சுகம். வெட்டு மெசின் வந்த பிறகு நெல் மூட்டைக்குள் போகிறது, வைக்கல் வட்டை (வயல்வெளி) முழுக்கச் சிதறிக் கிடக்கிறது. அதைக் கூட்டி அள்ளக் கூலி கொடுத்துக் கட்டாது, எனவே ஒரு நெருப்புக்குச்சி. நானும் கொளுத்தியவன்தான், மற்றவர்களை மட்டும் குறை சொல்ல வரவில்லை.

ஏக்கருக்கு இரண்டு தொன் நெல் வெட்டினால் ஏறக்குறைய அதேயளவு வைக்கலும் விழும். நெற்பயிர் மண்ணிலிருந்து எடுத்த பொட்டாசியத்தில் பெரும்பகுதி அந்தத் தாளில்தான் நிற்கிறது. எரித்தால் நைதரசன் புகையாகப் போய்விடும், சாம்பலைக் காற்றும் மழையும் கொண்டுபோகும். 2021இல் உரம் இல்லாமல் நாம் பட்ட பாடு அதற்குள் மறந்துவிட்டதா? இன்னொரு பக்கம் ஆடி ஆவணியில் மாடு எலும்பும் தோலுமாக நிற்கிறது. எங்கள் மாவட்டத்து மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைக்காகப் பண்ணையாளர்கள் 2023இலிருந்து போராடுகிறார்கள், அது வேறு பெரிய கதை. மேய்ச்சலும் இல்லை, வைக்கலும் சாம்பல் என்றால் மாடு எதைத் தின்னும்?

நெல் வைக்கலில் சத்துக் குறைவு என்பார்கள். குறைவுதான். 100 கிலோ வைக்கலுக்கு 4 கிலோ யூரியாவைத் தண்ணீரில் நன்றாகக் கரைத்துத் தெளித்து, பொலித்தீனால் காற்றுப் புகாமல் மூடி, இரண்டு மூன்று கிழமை வைத்தெடுத்தால் செரிமானமும் புரதமும் கூடும். திறந்ததும் மூக்கைத் துளைக்கும் அமோனியா மணம் போகும்வரை ஆறவிட்டுத்தான் போட வேண்டும், சின்னக் கன்றுகளுக்குக் கொடுக்கவே கூடாது. புதிய வித்தை இல்லை, எண்பதுகளிலேயே இலங்கையில் செய்து காட்டியதுதான்.

என் கோரிக்கை சின்னது. வைக்கலைச் சுருட்டிக் கட்டும் மெசினைக் கமநல சேவை நிலையங்கள் வழியாக, விவசாய அமைப்புகளுக்கு வாடகைக்குக் கிடைக்கச் செய்யுங்கள். பெரும்போக ஆரம்பக் கூட்டத்தில் தண்ணீர் திறக்கும் திகதி, மாடு அகற்றும் திகதி எல்லாம் தீர்மானிக்கிறோம், அதோடு வைக்கல் அள்ளும் திகதியையும் ஒரு வரி எழுதினால் என்ன? அந்தத் திகதி வரை எவரும் கொளுத்தக் கூடாது, பட்டிக்காரர் வந்து எடுத்துக் கொள்ளலாம். இந்த முறை எங்கள் கூட்டத்தில் நான் எழுந்து கேட்பேன். படிக்கிறவர்கள் உங்கள் உங்கள் வட்டையிலும் கேளுங்கள்.

இப்படிக்கு,
படுவான்கரை விவசாயி ஒருவர்,
மட்டக்களப்பு.