வெப்பத்தை விட்டுவிட்டு லென்ஸைத் துடைக்கும் உங்கள் சேவை மையம்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர் பிரிவு

பொருள்: கார் சிடி பிளேயர் சூடாகித் தட்டு சிக்கியது, உத்தரவாதம் மறுக்கப்பட்டது – தொடர்பாக

ஐயா,

உங்கள் நிறுவனத்தின் சிடி பிளேயரை மதுரையில் உள்ள உங்கள் அங்கீகார விற்பனையாளரிடம் வாங்கினேன். காரில் பொருத்தியதும் அவர்கள்தான். பொருத்துக்கூலியும் அதே ரசீதில் இருக்கிறது. உத்தரவாதக் காலம் இன்னும் முடியவில்லை.

அரை மணி நேரம் பாடினால் பெட்டி கொதிக்கிறது. பாட்டு நின்றுவிடும், தட்டு வெளியே வராது. வண்டியை நிறுத்தி ஆறவிட்டால் ஒன்றும் நடக்காததுபோல் தட்டைத் துப்பும். உங்கள் உதவி எண்ணில் சொன்னபடி வெளியேற்றும் பொத்தானை நீள அழுத்தினேன், ரீசெட் துளையில் குச்சியை விட்டேன், பியூஸையும் மாற்றினேன். பயனில்லை. சேவை மையத்துக்குக் கொண்டுபோகும்போதெல்லாம் லென்ஸைத் துடைத்துத் திருப்பித் தருகிறார்கள். காய்ச்சல்காரனுக்கு முகம் கழுவிவிடுவது போன்ற வைத்தியம் இது.

கேட்டால் மதுரை வெயிலைக் காட்டுகிறார்கள். இரவு பத்து மணிக்குத் தேனியிலிருந்து திரும்பும்போதும் இதே கதைதான். அப்போது ஓடியது வானொலி. தட்டு சுழலாதபோதும் பெட்டி கொதிக்கிறது என்றால், கோளாறு தட்டில் இல்லை என்பது தெரியவில்லையா?

கடைசியாகப் போனபோது, சிக்கிய தட்டை உங்கள் ஊழியர் இடுக்கியால் இழுத்து, தட்டு நுழையும் வாயையே வளைத்துவிட்டார். தட்டு உள்ளேயே கிடக்கிறது. வேலைச்சீட்டில் மட்டும் ‘காகித ஒட்டி உள்ள தட்டைப் போட்டதால் சிக்கியது, உத்தரவாதம் பொருந்தாது’ என்று எழுதியிருக்கிறார்கள். சூட்டில் பசை இளகி ஒட்டி உரியும், உருளையில் சிக்கும் என்பதெல்லாம் சரிதான். ஆனால் என் தட்டில் ஒட்டியே கிடையாது. பேனாவால் எழுதிய பெயர்தான். உள்ளே கிடப்பதை எடுத்துப் பார்க்காமலே இந்தக் குற்றப்பத்திரிகையை எப்படி எழுதினார்களோ!

பிறகு, எனக்குத் தெரிந்த ஆட்டோ எலக்ட்ரீஷியன் டேஷ்போர்டிலிருந்து பெட்டியை வெளியே இழுத்துப் பார்த்தார். பெட்டியைத் திறக்கவில்லை, உங்கள் முத்திரை அப்படியே இருக்கிறது. ஒலியைப் பெருக்கும் சுற்றின் வெப்பம் வெளியேற வேண்டிய அலுமினியத் தகடுகள் பின்புறம்தானே இருக்கின்றன? பொருத்தியவர்கள் வயர் கட்டு முழுவதையும் ஸ்பாஞ்சில் சுற்றி அந்தத் தகடுகளின் மேலேயே திணித்து வைத்திருக்கிறார்கள். ஆட்டம் வராமல் இருக்கவாம். ஸ்பாஞ்சை எடுத்து வயர்களை ஓரமாகக் கட்டியபின் ஒரு மணி நேரம் வானொலி ஓடியது. பெட்டியில் கை வைக்க முடிந்தது. புகைப்படங்களை இணைத்திருக்கிறேன்.

உள்ளே இருப்பது என் மாமனாரின் நாகசுரக் கச்சேரிப் பதிவு; வேறு பிரதி இல்லை. கடையில் விற்கும் அச்சுத் தட்டு அல்ல, வீட்டில் பதிந்தது. அதில் ஒலி தங்கியிருப்பது சாயப் படலத்தில். வெப்பம் அதற்கு ஆகாது. எனவே அந்தத் தட்டைக் கீறல் இல்லாமல் என் முன்னிலையில் எடுத்துத் தர வேண்டும். பெட்டிக்குப் பதில் புதியது தந்து, கட்டணமின்றி ஒழுங்காகப் பொருத்த வேண்டும். வேலைச்சீட்டில் உள்ள பொய்க் குறிப்பையும் எழுத்துமூலம் நீக்க வேண்டும்.

15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட ஆணையத்தில் முறையிடுவேன். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் இல்லை என்பதையும் விசாரித்துவிட்டேன்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர், மதுரை

இணைப்பு: ரசீது, உத்தரவாத அட்டை, வேலைச்சீட்டு நகல்கள், புகைப்படங்கள்