வண்டி நின்றதும் வாயடைத்துப்போகும் உணரிகள்: வாகன நிறுத்தத் திட்டக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு,

வணக்கம். மருத்துவமனை வளாகத்தில் ஒவ்வொரு வாகன நிறுத்த இடத்திலும் காந்தப்புல உணரியைப் பதித்து, அவற்றைக் கம்பியில்லா வலையமைப்பால் இணைத்துக் காலியிடங்களைப் பலகையில் காட்டும் திட்டம் உங்களுடையது. அதன் வரலாற்றை உங்களுக்கே நான் விவரிக்க வேண்டியதில்லை. அதே வடிவமைப்பு இரண்டாம் கட்டமாக விரிவடையப் போகிறது என்ற அறிவிப்பைக் கண்ட பிறகே இதை எழுதுகிறேன்.

சென்ற வாரம், நடக்க இயலாத என் தந்தையை அழைத்து வந்தேன். கீழ்த்தளத்தில் ஏழு இடங்கள் காலி, அவற்றுள் ஒன்று மாற்றுத்திறனாளிகளுக்கானது என்றது பலகை. இறங்கிப் பார்த்தால் ஏழிலும் வண்டிகள் நின்றன. ஒருவழிச் சரிவுப் பாதை என்பதால் திரும்பவும் முடியாமல், முன்னும் பின்னும் வண்டிகள் ஊர, மேலேறி வாயிலுக்கு வந்தபோதும் பலகையில் அதே ஏழு. மூன்று சுற்று முடிவதற்குள் நாற்பது நிமிடங்கள் கழிந்து, மருத்துவரைப் பார்க்கும் முறையும் கடந்துவிட்டது. “பலகை இல்லாமலிருந்தால் வெளியிலேயே நிறுத்திவிட்டு வந்திருப்போமே” என்றார் அப்பா.

விசாரித்தபோது, சோதனையில் எல்லா உணரிகளும் சரியாக இயங்கியதாகப் பராமரிப்பு அலுவலர் கூறினார். அதை நம்புகிறேன். சோதனை நடந்தது, தளம் வெறுமையாகக் கிடந்த ஒரு விடுமுறை நாளில்.

தரையில் பதித்த உணரி, தன் மேல் வண்டி வந்து நின்றதைச் சொல்ல வேண்டிய அதே கணத்தில், அந்த வண்டியின் இரும்பு அடிப்பாகம் ரேடியோ சமிக்ஞைக்கு மூடியாகிவிடுகிறது. காலித் தளத்தில், உணரிகளின் செய்திகளை வாங்கி மையத்துக்கு அனுப்பும் கேட்வே கருவியை எளிதில் எட்டிய சமிக்ஞை, இப்போது வண்டிக்கும் தரைக்கும் இடையிலுள்ள சிறு இடுக்கின் வழியே கசிந்து, தூண்களையும் பக்கத்து வண்டிகளையும் தாண்டி வர வேண்டியிருக்கிறது. நிலை மாறும்போது ஒரே ஒரு முறை செய்தி அனுப்பி, அது சேர்ந்ததா என்று கேளாமல் உறங்கிவிடும்படி உணரியை அமைத்திருந்தால், தொலைந்த ஒரு செய்தியால் அந்த இடம் நாள் முழுவதும் பலகையில் ‘காலி’யாகவே இருக்கும். போதாக்குறைக்கு, காலைக் கூட்டத்தில் பல உணரிகள் ஒரே நேரத்தில் பேச முயலும்போது செய்திகள் ஒன்றோடொன்று மோதி அழிகின்றன.

ஆகவே என் கோரிக்கை ஒன்றுதான்: அடுத்த உணரியைப் பதிப்பதற்கு முன், வண்டிகள் நிறைந்து நிற்கும் நேரத்தில் தளந்தோறும் சமிக்ஞை அளவாய்வு செய்து, கேட்வேகளின் எண்ணிக்கையையும் இடத்தையும் அதன்படி முடிவுசெய்யுங்கள்.

செலவு கூடும் என்பீர்கள். அளக்காமல் விட்டாலும் கூடும். குறைந்த மின்சாரத்தில் நெடுந்தொலைவுக்குச் செய்தி அனுப்பும் லோரா என்ற கம்பியில்லா முறையில், பலவீனமான இணைப்பை ஈடுகட்டப் பரப்புக் காரணியை, அதாவது செய்தியை எவ்வளவு நீட்டி மெதுவாக அனுப்புவது என்பதைக் குறிக்கும் எண்ணை, 7இலிருந்து 12க்கு உயர்த்தினால், அதே செய்தியை அனுப்ப இருபது மடங்குக்கு மேல் நேரமாகிறது. பேட்டரியும் அதற்கேற்பக் கரைகிறது. சான் பிரான்சிஸ்கோவில் 2011இல் தொடங்கிய எஸ்எஃப்பார்க் என்ற வாகன நிறுத்தச் சோதனைத் திட்டத்திலேயே, சாலையில் பதித்த உணரிகளின் பேட்டரிகள் தீரத் தொடங்கியதால் 2013 இறுதியில் அவற்றை நிறுத்த நேர்ந்தது. தரையைத் தோண்டிப் பேட்டரி மாற்றும் கூலியை உங்கள் மதிப்பீட்டில் சேர்த்திருக்கிறீர்களா?

செயலியின் வண்ணங்கள் மிக அழகு என்பதை ஒப்புக்கொள்கிறேன். இல்லாத இடத்தை இவ்வளவு நேர்த்தியான பச்சையில் வேறெங்கும் நான் கண்டதில்லை. திறப்பு விழாவில் காட்டிய அக்கறையில் ஒரு பங்கைக் கீழ்த்தளத்தின் கேட்வேக்கும் காட்டியிருக்கலாம்.

சற்றுக் கடுமையாக எழுதிவிட்டேன், பொறுத்தருள்க. மீண்டும் பணிவுடன் கேட்கிறேன்: வண்டிகள் நிற்கும்போது அளந்து பாருங்கள். அதுவரை, குறித்த இடைவெளியில் ‘இருக்கிறேன்’ என்று சொல்லாத உணரியின் இடத்தைக் காலியிடக் கணக்கில் சேர்க்காதிருக்க மென்பொருளில் ஒரு திருத்தம் செய்தால் போதும். குறைந்தபட்சம் மாற்றுத்திறனாளிகளுக்கான இடங்களிலாவது அதை இந்த வாரமே செய்யுமாறு வேண்டுகிறேன். அடுத்த வாரம் அப்பாவை மறுபடியும் அழைத்து வர வேண்டும்.

இப்படிக்கு,
கீழ்த்தளத்தில் மூன்று முறை சுற்றிய ஒருவன்