அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள்

எல்லோருக்கும் வணக்கம்.

அம்மாவுக்கு ஸ்டெம் செல் டிரான்ஸ்பிளான்ட் முடிந்த 17ஆம் நாள் காலை, நியூட்ரோஃபில் (கிருமியை எதிர்க்கும் வெள்ளை அணு) தொடர்ந்து மூன்றாவது நாளாக 500க்கு மேல் நின்றது. மாமா கொடுத்த ஸ்டெம் செல் (ரத்தத்தை உண்டாக்கும் மூல செல்) அம்மாவின் மஜ்ஜையில் பிடித்துவிட்டது. நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும், திரும்ப எழுத எனக்குத் தெம்பில்லை. ஆனால் ஒருவரைப் பற்றி மட்டும் சொல்லியாக வேண்டும்.

முதலில் காட்டிய இடத்தில் எச்.எல்.ஏ. (செல்லின் மேல் இருக்கும் அடையாளக் குறி) பொருத்தத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். "பாதி பொருந்துது, மகன் செல்லே போதும்" என்றார்கள். என் செல்லுக்கு எதிராக அம்மா ரத்தத்தில் ஆன்டிபாடி (எதிர்ப்புப் புரதம்) இருக்கிறதா என்று யாருமே பார்க்கவில்லை. இரண்டாவது இடத்தில் பார்த்தார்கள். ஆன்டிபாடி அளவு 9,000 தாண்டியிருந்தது. 5,000 தாண்டினாலே செல் பிடிக்காமல் போகிற ஆபத்து அதிகமாம். தங்கை செல்லுக்கும் அதே கதை.

மும்பையில் அந்த லேப் வாசல் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். பெற்றவளுக்கே நான் ஆகாதவனா? டூட்டி முடிந்து டிபன் பையோடு கிளம்பிய டெக்னீஷியன் அக்கா என்னைத் தாண்டிப் போனவர், திரும்பி வந்தார். "தமிழா?" பக்கத்தில் உட்கார்ந்து, ரிப்போர்ட் கவரின் பின்பக்கம் இரண்டு கோடு போட்டார். ஒன்று அம்மா பாதி, ஒன்று அப்பா பாதி.

"வயித்துல இருந்தப்ப உங்க அப்பா பாதி அம்மாவுக்குப் புதுசு தம்பி. சில பேருக்கு அப்பவே உடம்பு அதைக் குறிச்சு வெச்சுக்கும். எத்தனை வருஷமானாலும் மறக்காமலும் இருக்கலாம். நிறைய பிள்ளை பெத்தவங்க, நிறைய ரத்தம் ஏத்தினவங்ககிட்ட அதிகமா பாக்குறோம். உங்களை வேண்டாம்னு சொல்லலை, உங்க அப்பாவைத்தான் ஞாபகம் வெச்சிருக்கு."

அம்மாவின் அண்ணன் தம்பி யாராவது உண்டா என்றும் அவர்தான் கேட்டார். மாமாவைப் பற்றி எனக்கு யோசனையே வரவில்லை. பிளாஸ்மா மாற்றி, மருந்து கொடுத்து ஆன்டிபாடியைக் குறைத்துப் பார்க்கும் வழியும் இருக்கிறது என்று மறுநாள் டாக்டர் சொன்னார். ஆனால் மாமாவும் பாதி பொருந்தினார், அவருக்கு எதிராக ஆன்டிபாடியே இல்லை. அப்புறம் வேறு பேச்சு எதற்கு?

அப்பா விஷயத்தை அம்மாவிடம் சொன்னபோது, மாஸ்க்குக்குள் சிரித்தாள். "ஏல, போய்ச் சேர்ந்து 12 வருசமாச்சு, இன்னும் வம்புக்கு நிக்காவ பாரு."

அந்த அக்காவுக்கு அது பத்து நிமிட வேலை. கவர் என் பர்ஸில் இருக்கிறது.

மற்றபடி, ராத்திரி 2 மணிக்கும் பிளேட்லெட் கொடுக்க ஓடி வந்த தாராவி 90 அடி ரோட்டுப் பையன்கள், சயானிலிருந்து தினமும் ரசம் அனுப்பிய அத்தை, கணக்குக் கேட்காமல் கடன் தந்தவர்கள், நெல்லையிலிருந்து மாமாவை ரயிலேற்றிவிட்டவர்கள், உங்கள் எல்லோருக்கும் கும்பிடு. ஆரம்பத்தில் நானே பிளேட்லெட் தருகிறேன் என்று சண்டை போட்டேன். டோனராகப் போகிற சொந்தக்காரர் ரத்தம் முன்கூட்டி ஏறினால் ஆன்டிபாடி இன்னும் கூடலாம் என்று அப்போது தெரியாது. என்னைத் தடுத்து நிறுத்திய நர்ஸம்மா மன்னிக்கணும்.

இனி யார் வீட்டிலாவது டிரான்ஸ்பிளான்ட் என்று கேள்விப்பட்டால், நானே போய் "ஆன்டிபாடி பார்த்தாச்சா?" என்று கேட்கப்போகிறேன். அதிகப்பிரசங்கி என்றாலும் சரி.

கடைசியாக ஒன்று. பார்க்க வருகிறவர்கள் பூ கொண்டுவர வேண்டாம், இன்னும் சில மாதம் உள்ளேயும் வர வேண்டாம். கீழே நின்று குரல் கொடுங்கள், அம்மா ஜன்னலுக்கு வருவாள்.